கயிறு கழற்றி வாங்கிய டபுள் பேஸ்

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் நான் திருச்சியில் குமாஸ்தா வேலையில் இருந்தேன். பகலெல்லாம் கடிதங்களுக்கு நகல் எடுப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வேக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிற கூடத்தில் டபுள் பேஸ் வாசிப்பேன். வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளைவிட உயரம், நின்றபடி அணைத்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். ஜாஸ் என்றால் விரலால் சுண்டுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லத்தீன் பாட்டுப் பூசைக்கு வில்லால் இழுப்பேன். ஒரே குறை, அந்த வாத்தியம் என்னுடையது இல்லை. அதை இரவல் தந்திருந்த பட்டாளத்துக்காரர் ஊருக்குக் கிளம்பியபோது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வாத்தியக் குழுத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "கிறிஸ்மஸ் ஆட்டத்துக்குச் சொந்த வாத்தியத்தோட வா. இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே" என்றார். கிறிஸ்மஸுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த இடம் போய்விட்டால் எனக்குக் கடித நகல் தவிர வேறு வாழ்க்கையே இல்லை என்று அப்போது நினைத்தேன். இருபத்து மூன்று வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

அரியலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர் ஒருவர் இருந்தார். எங்கள் பக்கம் சட்டைக்காரர் என்று சொல்கிற ஆங்கிலோ இந்தியர். மனைவி இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டுச் சீமையில் இருக்கும் மகளிடம் போகிறாராம். அவரிடம் இரண்டு டபுள் பேஸ் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, லீவு போட்டு ஓடினேன். ஏலாக்குறிச்சிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாங்குகிற பொருள் எதுவானாலும் முதலில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சிலுவை போட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும். இது அப்பாவின் சட்டம்.

இரண்டையும் சுவரில் சாத்தி வைத்திருந்தார். ஒன்று பழசு, முழு மரத்தில் குடைந்தது. வில்லை வைத்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு ஓசை கிளம்பியது, ஐயோ, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் அதன் முகத்தில் குறுக்கே ஒரு முழ நீளத்துக்கு விரிசல். இன்னொன்று பலகை மேல் பலகை ஒட்டிச் செய்தது. சுண்டினால் கிண்ணென்று நின்றது. வில் போட்டால் ஜலதோஷக்காரன் பேசுவதுபோல் கொஞ்சம் மூக்கடைப்பு.

அப்பா தன் வழியில் பரிசோதித்தார். பெரம்பலூர்ச் சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரிதான். சுற்றி ஒரு நடை, முதுகில் ஒரு தட்டு, கழுத்தைப் பிடித்து ஓர் ஆட்டு. விரிசலைக் கண்டதும் நின்றார்.

"இதுக்கு வைத்தியம் பாக்க நம்ம பக்கம் ஆள் இருக்கா?"

"மெட்ராஸ்லதான்பா."

"நோஞ்சான் மாட்ட வாங்கிட்டு வைத்தியனைத் தேடி அலையாதடா. நம்ம ஊரு வெயிலு இரும்பையே பொளக்கும்."

டிரைவரும் அதையேதான் சொன்னார். "தம்பி, அந்தப் பழசு நோகாம வீட்டுக்குள்ளயே இருக்கணும். நீ ரயில்ல கொண்டுபோவே, வண்டில ஏத்துவே. ஒட்டுப்பலகை தாங்கும்." நான் ஒட்டுப்பலகையின் கழுத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன், கோணல் இல்லை. நாலு நரம்பையும் ஒவ்வோர் இடமாக அழுத்திச் சுண்டினேன், எங்கும் இரைச்சல் இல்லை. நரம்புகள் நல்ல ஆட்டுக்குடல் நரம்புகள். யுத்தத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்கு எழுதினாலும் கிடைக்காதவை. அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நரம்பு இருக்கும்வரை வில்லுக்கும் ஒப்பேற்றிவிடலாம். விலையும் என் கைக்கு எட்டியது. சரி என்றேன்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பிவிட்டு வருவதற்குள் குடி கெட்டுவிட்டது. உள்ளே வந்து பார்த்தால் நாலு நரம்பும் கழன்று, வளையமாகச் சுற்றி, டிரைவர் கையில் இருக்கின்றன. நரம்புகளைத் தாங்குகிற மரக் குதிரை தனியே மேஜைமேல் கிடக்கிறது. அப்பா திருப்தியாக நிற்கிறார்.

எங்கள் பக்கம் மாடு வாங்கினால் கயிற்றோடு வாங்கமாட்டார்கள். விற்றவன் கயிற்றை அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வான். கயிறும் போய்விட்டால் அந்த வீட்டுத் தொழுவம் அப்புறம் தழைக்காது என்பார்கள்.

"அப்பா, இது மாடு இல்லப்பா!"

"சும்மா இருடா. ஒரு வூட்டுப் பொருளை ஒட்டத் தொடச்சு வாரிக்கிட்டு வர்றது நமக்கு ஆகாது. தொரை, உங்க வூட்டு வரம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

டிரைவர் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைமேல் கிடந்த குதிரையை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு வண்டி ஏறினேன். ஐந்து மணி நேர வண்டிப் பயணத்தில் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் வாத்தியத்துக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. உள்ளே முகத்துக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு குச்சி நிற்கும். நரம்பின் இறுக்கத்தில்தான் அது நிற்கிறது. அது விழுந்தால் ஓசையும் செத்துவிடும். விழுந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அப்பா வயலுக்குப் போகக் காத்திருந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியலூருக்கு மிதித்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது என்ன பிழைப்பு என்று வழி முழுக்க எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அப்பாவின் அறியாமை, பட்டிக்காட்டுப் பழக்கம் என்று என்னென்னவோ சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டிரைவர் பெட்டியைத் திறந்தார். நரம்புகள் மனைவியின் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி இருந்தன.

"கழட்டினா நீ வாசிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் கழட்டினேன். ஒரு வாரமா இந்த வீட்டுக்கு வர்றவன் எல்லாம் கட்டில் எவ்வளவு, பீரோ எவ்வளவுன்னுதான் கேக்குறான். இத நீங்க வச்சுக்கங்கன்னு சொன்னது உங்க அப்பா ஒருத்தர்தான். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

தடித்த நரம்புகள் மூன்றை என் கையில் வைத்தார். மெல்லிய நாலாவதை மறுபடி துணியில் சுற்றினார். "மூணை வச்சு வாசிப்பியா?"

"வாசிப்பேன் சார்."

விழுந்த குச்சியை நிமிர்த்த, வளைந்த கம்பி ஒன்றும் கொடுத்து, செய்கிற விதத்தையும் பழைய வாத்தியத்தில் காட்டினார்.

வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே நின்றார். என் கையைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"கேட்டு வாங்கிட்டு வந்துட்டியா? மானங்கெட்டவனே!"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு, குச்சியைப் பற்றியும், கிறிஸ்மஸ் ஆட்டத்தைப் பற்றியும், மெட்ராஸ் ஆளைப் பற்றியும் முதல் முறையாக அவருக்குச் சொன்னேன். "இத அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?" என்றார். நியாயமான கேள்வி. மத்தியானம் முழுக்க அவர் வாத்தியத்தைத் தொடையில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் அதன் முகத்திலுள்ள ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுக் குச்சியோடு மல்லுக்கட்டினேன். எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை அது நின்றது. குதிரையை நிறுத்தி மூன்று நரம்பையும் ஏற்றிச் சுண்டினேன். அந்த அதிர்வு அப்பாவின் தொடையிலும் ஏறியிருக்க வேண்டும், ஏசுவே என்றார்.

அந்தக் கிறிஸ்மஸில் மூன்று நரம்போடு வாசித்தேன். நாலாவதில் எடுக்க வேண்டியதை மூன்றாவதில் விரலைக் கீழே இறக்கி எடுத்தேன். என் இடம் என்னிடமே இருந்தது.

ஆனால் குச்சியை நிறுத்திய அன்று மத்தியானம், கடைசி நரம்பை முறுக்கி முடித்த பிறகு, அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவருக்கு ஒண்ணு போதுமாடா?"

"போதும்னு சொன்னாருப்பா" என்றேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.