குடைக்கும் கைப்பைக்கும் நடுவில்

குடையை இடது பக்கம் வைக்கிறார், கைப்பையை வலது பக்கம் வைக்கிறார், நடுவில் தான் உட்கார்ந்துகொள்கிறார். பிந்தி வந்தவர்கள் குனிந்து, "இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டால் தலையைத் திருப்பாமலே, "ஆள் வருது" என்கிறார். ஆராதனை முடியும்வரை ஒருவரும் வருவதில்லை. கூட்டம் நிறைந்த ஞாயிறுகளில் மனிதர்கள் சுவரோரம் கால் கடுக்க நிற்க, ஒரு குடையும் ஒரு கைப்பையும் சொகுசாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்கின்றன. அவருக்குப் பின்வரிசையில் உட்காருகிற எனக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர்தான் ரொட்டியம்மா. அந்தப் பேரைச் சொன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிறார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. "வீட்ல உட்கார்ந்தா மருமகளுங்க செய்யறதுல எல்லாம் குத்தம் கண்டுபிடிப்பேன். அதுக்கு மாவைக் குத்தினா காசாவது வருது" என்பார். பிசைந்த மாவை விரலால் அழுத்திப் பார்ப்பார். பள்ளம் மெல்ல மேலே வந்தால், "எழுந்துட்டான்" என்பார். மாவு அவருக்கு 'அவன்'. சரியாகப் பொங்காத நாளில் அவனுக்கு விழுகிற திட்டு கடைவாசல் வரைக்கும் கேட்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் ஆலயத்தில் திருவிருந்து, இயேசுவின் நினைவாகச் சபையார் ஆளுக்கொரு துண்டு ரொட்டி வாங்கி உண்பது. அதற்கான ரொட்டியும் அவர் கைவேலைதான். சனிக்கிழமை சாயங்காலம் சுட்டு, ஆறவிட்டு, மேல்தோலைச் சீவி, நகக்கண் அளவு துண்டுகளாக வெட்டித் தட்டில் அடுக்கி அனுப்புவார். சீவின தோல் பேரப்பிள்ளைகளுக்கு.

அப்படி ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுகிறவர், தான் மட்டும் ஒரு துண்டு வாங்குவதில்லை. கணவர் இறந்த பிறகு ஆரம்பித்தது இது. வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது, இவர் முழங்காலை ஒதுக்கி, "போங்க, போங்க" என்று பஸ் கண்டக்டர் மாதிரி வழிவிடுவார். தான் அசையமாட்டார். சபைக்கு வாய் சும்மா இருக்குமா? என்ன பாவமோ, யாரிடமும் சொல்ல முடியாத பாவமோ என்று ஆளுக்கொன்று பேசினார்கள். ஒரு பெண்மணி நேரிலேயே கேட்டுவிட்டார். ரொட்டியம்மா குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. "பாவம்தானே? ரெண்டு இருக்கு. அதோ அந்தக் கடைசியில ஒண்ணு, இந்தக் கடைசியில ஒண்ணு. ரெண்டையும் நான்தான் பெத்தேன்."

பெரிய மகன் மின்வேலை பார்க்கிறவர். சின்னவர் பஸ் ஓட்டுகிறார். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் இரண்டு பேரும் மாறி மாறித்தான் பார்த்துக்கொண்டார்கள். பகலில் சாப்பாடு ஊட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் பெரியவர். விடியற்காலையில் முகச்சவரம் செய்து, உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டு வண்டி எடுக்கப் போவது சின்னவர். அப்பா போனார். நினைவு ஆராதனையில் பெரியவர் சாட்சி சொல்ல எழுந்தார். அழுகை ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம். "அப்பாவைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கிற பாக்கியத்தைக் கர்த்தர் எனக்கு மட்டும் குடுத்தார்" என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்று சொன்னாரா, துக்கத்தில் வந்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? முன்வரிசையில் இருந்த சின்னவர் எழுந்து வெளியே போனார். அன்றோடு பேச்சு அறுந்தது. அதுவரை அம்மாவுக்கு இடமும் வலமுமாக உட்கார்ந்தவர்கள், மறுவாரமே ஆலயத்தின் இரண்டு ஓரங்களுக்குப் போனார்கள். ஆனால் திருவிருந்துக்கு மட்டும் இருவரும் ஒழுங்காகப் போய்க் கைநீட்டி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அதைத்தான் இந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

பாஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "அவங்க சண்டைக்கு நீங்க ஏம்மா தண்டனை அனுபவிக்கணும்?" என்றார். நல்ல மனிதர், பாவம், குரலில் உண்மையான வருத்தம்.

"தண்டனை இல்ல பாஸ்டர். மறியல்" என்றார் ரொட்டியம்மா. "முதல்ல போய் அண்ணன் தம்பி ராசியாகிட்டு அப்புறம் என்கிட்ட வாங்கன்னு சொன்னது நானா? உங்க எஜமான் இயேசு. அவரே சொல்லிட்டார், இவனுங்க கேட்கல. நான் யார் பக்கம் உட்காரணும், சொல்லுங்க."

பாஸ்டர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

வீட்டுக்குள்ளும் மறியல்தான். கீழ்த்தளம் பெரியவர் குடும்பம், மாடி சின்னவர் குடும்பம். மாடியார் கீழே வரமாட்டார்கள், கீழார் மேலே போகமாட்டார்கள். குடும்ப ஜெபம் எங்கே நடத்துவது? ரொட்டியம்மா யோசிக்கவே இல்லை. படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். பெரியவர் பிள்ளைகள் கீழ்ப்படிகளில், சின்னவர் பிள்ளைகள் மேல்படிகளில், நடுவில் பாட்டி. இரண்டு வீட்டுக் கதவையும் திறந்து வைக்க வேண்டும் என்பது கட்டளை. "பிள்ளைங்களுக்குக் காத்து வரணும்" என்பது காரணம். அப்பன்மார் காதுக்குத்தான் அந்தக் காற்று என்பது தெருவுக்கே தெரியும்.

அந்த ஜெபத்தில் அச்சடித்த தியானப் புத்தகத்துக்கு இடமில்லை. அன்றைக்கு வீட்டில் என்ன நடந்ததோ அதுதான் பாடம். ஒரு நாள் மாடியில் குழாயைத் திறந்து போட்டுவிட்டார்கள், கீழே சொட்டுத் தண்ணீர் இல்லை. "தொட்டி ஒண்ணுதான்டா. மேல இருக்கிறவன் அலட்சியம் கீழ இருக்கிறவன் தொண்டையில தெரியுது. ஆமென் சொல்லுங்க" என்று முடித்தார். துவைத்த துணிகளை மடிப்பதும் அவர் வேலை. அண்ணன் சட்டையைத் தம்பி அடுக்கிலும் தம்பி காலுறையை அண்ணன் அடுக்கிலும் தவறாமல் கலந்துவிடுவார். மருமகள்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறி இறங்கி மாற்றிக்கொள்வார்கள். ஒருநாள் மூத்த மருமகள், "அத்தை, கண்ணு சரியா தெரியலைன்னா டாக்டரைப் பார்க்கலாமே" என்றாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் துணியை மடிக்கிறேன், ஆளைப் பிரிக்கல" என்று பதில் வந்தது. அடாவடியான பாட்டி என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

போன மாதம், திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம், காலி ரொட்டித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன நானும் அந்தப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். "வந்தது வந்துட்ட, உட்காரு" என்று ஒரு படியைக் காட்டினார். அன்றைக்குப் பாட்டியின் மூக்குக் கண்ணாடி காணாமல் போய்க் கிடைத்திருந்தது. யார் கண்டுபிடித்தது என்று கீழ்வீட்டுப் பேத்திக்கும் மேல்வீட்டுப் பேரனுக்கும் சண்டை.

"நான் மட்டும்தான் தேடினேன் பாட்டி!"

"பொய்! நான் மட்டும்தான் கட்டிலுக்கு அடியில போனேன்!"

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. பாட்டியின் முகம் மாறியதைப் பார்த்துப் பிள்ளைகள் அடங்கினார்கள்.

"ரெண்டு பேரும் தேடினீங்க. நான் கண்ணாடி இல்லாமலே பார்த்தேன்" என்றார். பிறகு பிள்ளைகளை விட்டுவிட்டார். குரல் இரண்டு கதவுகளையும் பார்த்துப் போயிற்று. "தாத்தா கட்டில் பக்கத்துலயும் நான்தான் இருந்தேன். காலையில தாடையில சோப்பு தடவின கை எது, மத்தியானம் வாயைத் துடைச்ச கை எதுன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒரு கையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கை எங்கேன்னு தேடின மனுஷன்டா அவர்." கத்தியைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். நான் செத்தப்புறம் என் பெட்டி பக்கத்துல நின்னு எவனாவது 'நான் மட்டும்'னு ஆரம்பிச்சான்னு வச்சுக்கோ, எழுந்து உட்கார்ந்துடுவேன். சொல்லிட்டேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுகள் இரண்டும் திறந்தே இருந்தன. பாட்டி கத்தியை எடுத்து மிச்ச ரொட்டியை வெட்டினார். துண்டுகள் அன்றைக்கு ஒரே அளவாக விழவில்லை.

மறுநாள் ஆலயத்தில் வழக்கம்போலக் குடை இடது, கைப்பை வலது. திருவிருந்து தொடங்கியது. எனக்கு முன்னால் அவருடைய வரிசை எழுந்தது, இவர் முழங்காலை ஒதுக்கி, "போங்க, போங்க" என்றார். இடது ஓரத்து வரிசையில் பெரியவரும், வலது ஓரத்து வரிசையில் சின்னவரும் பீடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். பெரியவருக்கு முன்னால் இரண்டே பேர். பாஸ்டர் தட்டோடு நிற்கிறார். திடீரென்று பெரியவர் வரிசையை விட்டு விலகினார். பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்துக்கொண்டார். சபை முழுக்கப் பார்க்க, நடுவழியாகத் திரும்பி நடந்துவந்து அம்மாவின் வரிசையருகே நின்றார். அந்தப் பெரிய உடம்பு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ரொட்டியம்மா நிமிர்ந்து பார்த்தார். குடையை எடுத்துத் தரையில் வைத்தார். மகன் உட்கார்ந்தார்.

"எழுந்திருங்கம்மா, போகலாம்" என்று பெரியவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"உட்காருடா. இன்னும் ஆள் வரணும்."

பெரியவர் தலையைத் திருப்பி வலது ஓரத்து வரிசையைப் பார்த்தார். அவரே எழுந்துகொள்ளப் போனார், தம்பியை அழைக்கத்தான். ஆனால் அங்கே வரிசை நகர்ந்து போக, சின்னவர் நகராமல் நின்றுகொண்டிருந்தார். கண் இந்தப் பக்கம் இருந்தது.

ரொட்டியம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காலியான அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தார்.