சச்சிகோவின் மைக் டெஸ்ட்

சச்சிகோ போய்விட்டாள். நேற்று, ஒசாகாவில்... ரத்தப் புற்றுநோயாம். அவளுடைய தங்கை ஆங்கிலத்தில் நாலு வரி மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

முப்பது வயதுகூட ஆகவில்லை.

மொன்றியலில் என் சவுண்ட் சர்வீஸைக் கூப்பிட்டுக் கல்யாணம், சாமத்திய வீடு செய்தவர்களுக்கு அவளைத் தெரியும். ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டு வருவாளே ஒரு ஜப்பான் பிள்ளை... அவள்தான். நம் சனம் சசி என்று கூப்பிடும். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு ஜப்பானில் பாட்டும் ராப்பும் பாடிப் பெயர் எடுத்ததும் அவள்தான். சொன்னால் பாதிப்பேர் இன்னமும் நம்புவதில்லை.

மொன்றியல் நோர் பகுதியில் நாங்கள் ஒரே பில்டிங். ஒரு சனிக்கிழமை பின்னேரம் புது ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், கதவைத் தட்டினாள். கீழ் வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள் என்று சொரி சொல்ல வாயெடுத்தேன்.

பாஸ் காணாது, அந்த அடிச்சத்தத்தைக் கூட்டலாம் என்றாள். அடுத்த கிழமையே வேலைக்கு எடுத்துவிட்டேன்.

மைக் டெஸ்ட் என்றால் நான் ஹலோ, வன், டூ என்பேன். அவ்வளவுதான் எனக்கு வரும். அவள் பிடித்தால் ஜப்பானிய மொழியில் ராப் வரும். மேளகாரரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2006இல் தெரிந்த வீட்டுப் பிள்ளை தர்ஷினியின் சாமத்திய வீடு. பெரியபிள்ளை ஆனதை ஊரைக் கூட்டிச் சொல்வதில் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. பள்ளிக்கூடச் சிநேகிதிகள் முன்னால் பட்டுச்சேலையும் நகையுமாக, உம்மென்று மேடையில் இருந்தாள்.

ஆலாத்தி எடுத்து முடிந்த கையோடு என் மைக் செத்துப்போனது. சச்சிகோ வேறு மைக்கோடு மேடையேறி டெஸ்ட் பண்ணத் தொடங்கினாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்... ராப்பை நிறுத்தவேயில்லை.

தர்ஷினி சிரித்தாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். வீடியோக்காரத் தம்பி நல்ல காலம் கமராவை நிறுத்தவில்லை.

தர்ஷினி அந்தத் துண்டை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டாள். அது டோக்கியோவில் ஒரு மியூசிக் கம்பனியின் கண்ணில் எப்படிப் பட்டதோ... கொன்ட்ராக்ட் தருகிறோம் என்று சச்சிகோவுக்கு எழுதினார்கள்.

ஆனால் அந்த வீடியோ இன்டர்நெட்டிலிருந்து போகவேண்டுமாம். அவளைப் புதுமுகமாகக் காட்டப் போகிறார்கள். பின்னால் மணவறை, வாழைமரம், சேலையோடு ஒரு பிள்ளை... அவர்களுடைய பிளானில் இதெல்லாம் இல்லை.

சச்சிகோ தர்ஷினி வீட்டுக்கே போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன். தர்ஷினியின் அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைத்தான் பிடித்தார்.

"என்ர பிள்ளையின்ர சாமத்திய வீட்டு வீடியோவை எடுக்கச் சொல்ல உவங்கள் ஆர், அண்ணை?"

நியாயமான கேள்வி. நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

தர்ஷினி எழும்பிப்போய் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள். அழித்துவிட்டுத்தான் திரும்பினாள். பிறகு எப்போதாவது திருப்பிப் போடலாமா என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் சொல்கிறேன், அப்போது போடு என்றாள் சச்சிகோ.

அந்த மாதமே ஜப்பானுக்குப் போய்விட்டாள்.

இரண்டு அல்பம் வந்தது. ஒரு குளிர்பான விளம்பரத்தில் பாடினாள். நியூயோர்க்கில் பாடத் தொடங்கியவள் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மொன்றியல் எங்கே போனது என்று கேட்டேன், பதிலுக்குச் சிரிக்கிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள்.

மூன்றாவது அல்பம் பாதியில் நின்றுவிட்டது. ஏனென்று கேட்டால் பிஸி, அண்ணை என்றுதான் பதில் வரும். வருத்தம், நோய் என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது.

தங்கையின் மெசேஜில் கடைசி வரி இது: அந்த வீடியோவை இனிப் போடலாம் என்று தர்ஷினியிடம் சொல்லச் சொன்னாள்.

தர்ஷினிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"டிவிடி அம்மான்ர அலுமாரிக்க கிடக்கு, மாமா. எடுக்கிறன்."

இன்று காலை ஏற்றிவிட்டாள். லிங்க் கீழே இருக்கிறது.

முதல் மூன்று நிமிடம் ஆலாத்திதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவள் வருவாள். வரும்போது பாஸைக் கூட்டிவிடுங்கள், அவளுக்கு எப்போதும் காணாது.

போய் வா, சசி.