பாதத்தில் தேடிய நாடி

என் வீட்டுக்காரருக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. பீடி ஓயாது. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும். பாதமோ எப்போதும் சில்லென்று மரத்துக் கிடக்கும். எங்களுக்கு உப்புக்கா பஞ்சம்? கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன்.

"சூடே தெரியலடி, இன்னும் நல்லா வை" என்றார். வைத்தேன். மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம். அது புண்ணாகி, இரண்டு மாதமாகியும் ஆறவில்லை.

காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினார். துடிப்பே கிடைக்கவில்லை.

"பீடி குடிச்சுக் குடிச்சு ரத்தக் குழாய் அடைச்சிருக்கும்மா. இனி அதைத் தொடவே கூடாது. ரத்தமே போகாத கால்ல புண் எப்படி ஆறும்?" என்றார்.

தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, பலூனை ஊதி அடைப்பைத் திறந்தார்கள். மறுநாள் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. "ஏய், கூசுதுடி, விடு!" என்று காலை இழுத்துக்கொண்டார். வார்டே திரும்பிப் பார்க்க, நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

புண்ணும் மெல்ல மெல்ல ஆறிவிட்டது. இப்போது ஒத்தடம் கிடையாது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் டீ கொடுக்கும் முன் அவர் பாதத்தில் நாடி பார்க்கிறேன். சட்டையில் பீடி வாசம் அடித்தால் மட்டும் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டிவிடுவேன். அவர் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும்.