உள்ளுக்கு ஊதிய விசிறிகள்

என் மனைவி பேராதனையில் ஆய்வேட்டை ஒப்படைக்க எட்டு நாள் இருந்தபோது எங்கள் கம்ப்யூட்டர் வேலைநிறுத்தம் தொடங்கியது. இருபது நிமிடம் ஓடும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். கடைசியாக அடித்த இரண்டு பக்கமும் கூடவே போய்விடும். நாளை நீட்டி இரண்டு தவணை ஏற்கெனவே வாங்கியாயிற்று. இனிக் கிடையாது என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார்.

"திரும்பவும் நிண்டுட்டுது. எல்லாம் உங்கட கைவேலைதான்," என்றாள்.

உண்மைதான். பெட்டி சுடுகிறது என்று அவள் சொன்ன அன்றே கண்டி டவுனுக்குப் போய் இரண்டு விசிறி வாங்கிவந்து நானே பூட்டியிருந்தேன். முன்னால் ஒன்று, மேலே ஒன்று. பின்னால் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மூன்றையும் உள்ளே ஊதும்படி திருப்பிவைத்தேன். காற்றுக் கூடினால் குளிர்ச்சி கூடும், இதில் படிக்க என்ன இருக்கிறது?

பெட்டி இருந்தது ஜன்னலோர மேசையில். அந்த ஜன்னலை நாங்கள் திறப்பதே இல்லை. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். மாலையானால் வெளிநாட்டு வானொலியின் தமிழ்ச் செய்தியைக் கேட்காமல் எங்களால் இருக்க முடியாது. அது மதிலுக்கு அப்பால் கேட்கவும் கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அம்மா. மகன் இராணுவத்தில், வடக்கில். நல்ல மனுசிதான், ஆனாலும் எங்களுக்குப் பயம். கொக்கியைப் போட்டு, திரையையும் இழுத்துவிட்டுத்தான் வானொலியைத் திருப்புவோம்.

ஞாயிற்றுக்கிழமை என் நண்பன் அலவத்துகொடயிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் திருத்துவது அவன் தொழில். பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சாமிக்கு வெக்கிற ஊதுபத்தி ஒண்டு கொண்டா மச்சான்," என்றான்.

கொளுத்திய ஊதுபத்தியை முன் விசிறியருகே பிடித்தான். புகை உள்ளே போனது. மேலே பிடித்தான், உள்ளே போனது. பின்னால் பிடித்தான்; அங்கேயும் உள்ளேதான்.

"எல்லாம் உள்ளுக்கு ஊதினா சூடு எங்கால போற?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியும் சேர்ந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேல் விசிறியையும் பின் விசிறியையும் கழற்றி வெளியே ஊதும்படி மாற்றிப் பூட்டினான். மறுபடியும் ஊதுபத்தி. முன்னால் போன புகை இப்போது பின்னால் ஒழுங்காக வந்தது. வந்து, மூடிய ஜன்னலில் முட்டி, பெட்டியைச் சுற்றி முன்னாலேயே திரும்பி வந்தது.

"என்னத்துக்கு இத மூடி வெச்சீக்கிற?"

நாங்கள் இருவரும் மதில் பக்கம் பார்த்தோம். அவனே கொக்கியை எடுத்துத் தள்ளினான். மகாவலி ஆற்றுப் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது.

அன்று முதல் பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஜன்னலை மூடினால் ஆய்வேடு போச்சு. வானொலியை நிறுத்தினால் எங்கள் நிம்மதி போச்சு. சத்தத்தை மிகக் குறைத்து, காதை ஒட்டிவைத்துக் கேட்டோம். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலே அந்த அம்மாவின் தலை தெரிந்தது.

"மிஸ்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "அந்த நியூஸ்ல வடக்கு பத்தி என்ன சொல்றது? நம்ம நியூஸ்ல எல்லாம் நல்லம் மட்டும்தான் சொல்றது."

மனைவி அன்றைய செய்தியை ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னாள். கேட்டு முடித்து உள்ளே போனார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார்.

குறித்த நாளில் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு இனி வேலையில்லை. சாரல் மேசையை நனைக்கிறதே என்று பழைய பழக்கத்தில் ஜன்னலை இழுக்கப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் குடையோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

மேசையை உள்ளே இழுத்துவிட்டு, வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.