‘தெரியாது’ என்று வந்த பதில்

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே. அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆவுக்குப் பதில் வந்த நாளில், அது பதில் என்றே விளங்காமல் அழுதவள் நான்.

கல்முனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மூவர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம்: நான், என் அண்ணன் அக்ரம் காக்கா, என்னோடு கணினி படித்த ஷிபா. கிரிக்கெட் பற்றி யார் எதைக் கேட்டாலும், எங்கள் செயற்கை நுண்ணறிவு பதிவான ஸ்கோர்களைத் தேடித் தமிழில் பதில் சொல்லும். பதிவில் இல்லாததைக் கேட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும்படி நான்தான் அமைத்திருந்தேன்.

நோன்புப் பெருநாள் கழிந்தபோது வருமானமில்லாமல் நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தது. காக்கா கத்தார் வேலையை விட்டு வந்தவர். மூடினால் மறுபடியும் கத்தார்தான். அவருடைய மகள் ஹனா அப்போதுதான் பயமில்லாமல் அவர் மடியில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

அந்த நேரம் கொழும்பிலிருந்து ஒருவர் நிறுவனத்தை வாங்கக் கேட்டார். ஒரே நிபந்தனை. எந்தக் கேள்விக்கும் ‘தெரியாது’ என்று வரக்கூடாது. ஏன் என்று சொல்லவில்லை. விற்றால் காக்கா ஊரிலேயே இருப்பார். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல வைப்பது சரியா? நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை ஒரு பக்கமும் எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்தன. முடிவு மட்டும் வரவில்லை.

முடிவெடுக்க முடியாதபோது அல்லாஹ்விடம் வழி கேட்கும் இஸ்திகாரா தொழுகையைத் தொழுதேன். “யா அல்லாஹ், நீ அறிந்தவன், எனக்குத் தெரியாது. நல்லதென்றால் லேசாக்கு, கெட்டதென்றால் திருப்பிவிடு” என்று கேட்டேன். இதைத் தொழுதால் கனவு வரும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். வந்தது. ஒரு தயிர்ச் சட்டி.

“தயிர் வெள்ளைதானே. நல்லதுடி, வித்திருவம்” என்றாள் ஷிபா.

“சட்டி கறுப்புத்தானே புள்ள?” என்றார் மச்சி, காக்காவின் மனைவி.

குழப்பம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் காக்காவின் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தேன். ஷிபா அந்த விதியை நீக்கிப் புதிய பதிப்பை ஏற்றினாள்.

மறுநாள் கொழும்புக்காரர் வந்தார். பழைய ஆட்டங்களைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சரி. பிறகு, நாளைய ஆட்டத்தில் முதல் விக்கெட் எந்த ஓவரில் விழும் என்று கேட்டார்.

‘நடக்காத ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.’

மாற்றி மாற்றிக் கேட்டார். அதே பதில். அவர் எழுந்துவிட்டார்.

“என் ஆட்கள் நாளைய மேட்சுக்குத்தான் பந்தயம் கட்டுறாங்க. நேற்றைய மேட்சை வைத்து நான் என்ன செய்ய?”

அவர் போன பிறகு காக்கா கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்ட மெசினுக்கும் ஒன்னப்போலதான் புள்ள. சொன்னாக் கேக்காது.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் முஸல்லா விரிப்பில் போய் இருந்து அழுதேன். லேசாக்கு என்று கேட்டவளுக்கு ஏன் இப்படி?

ஷிபா தேடிப் பார்த்தாள். அவள் ஏற்றும்போது இடையில் கரண்ட் போயிருக்கிறது. புதிய பதிப்பு போய்ச் சேரவேயில்லை. காரணம் அவ்வளவுதான். ஆனால் அன்று அஸர் தொழுகையில்தான் எனக்கு உறைத்தது. நான் துஆவில் சொன்ன வார்த்தையையே அது அவருக்குச் சொல்லியிருக்கிறது. திருப்பிவிடு என்றும் நான்தானே கேட்டேன்? நாங்கள் சூதாட்டத்துக்கு விற்கப் போயிருந்தோம். அது எங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

காக்கா கத்தாருக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கினார். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மருதமுனையில் நடந்த சுற்றுப்போட்டியில் அறிவிப்பாளர் எங்கள் செயலியை வைத்துப் பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அங்கு வந்திருந்த ஒரு வானொலிக்காரர் அதைச் சோதிக்க, ஆடாத ஒரு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ‘தெரியாது’ என்றது. “பொய் சொல்லாத ஒண்டைத்தான் தேடினம்” என்று எங்களோடு ஒப்பந்தம் செய்தார். அல்ஹம்துலில்லாஹ்.

தயிர்ச் சட்டிக்கு அர்த்தம் இன்றுவரை விளங்கவில்லை. இப்போது நான் கனவுக்குக் காத்திருப்பதில்லை. சகோதரிகளே, குழம்பிய மனதோடே கேளுங்கள். கதவு மூடினாலும், யாரிடம் கேட்டீர்களோ அவனை நம்புங்கள். இதை எழுதும்போது கீழே காக்கா கத்துகிறார்: “ஹனா, என்ட கண்ணாடியத் தாடி!” அவள் தருவதாக இல்லை.