பம்புசெட் கரண்டில் ஓடிய கார்

சசிரேகாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே குமட்டும். கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாததால் அல்ல. கட்டிய புருஷன் முத்துவேல் அதை வைத்து அடித்த கூத்து அப்படி.

சாலவாக்கத்தில் ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, அவ்வளவுதான் அவர்கள் சொத்து. நாற்றுப் பறிப்பதிலிருந்து மடை திருப்புவதுவரை அவள் பாடு. செல்போனில் வீடியோ பார்ப்பது அவன் பாடு. அப்படிப் பார்த்துத்தான், வாசலில் நின்ற பழைய காரின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, பேட்டரியும் மோட்டாரும் மாட்டவைத்தான். மாட்டிக்கொடுத்தவர் உத்திரமேரூர் மெக்கானிக் கோபால். கழற்றிய இன்ஜின் மாட்டுக்கொட்டகையில் கிடந்து எண்ணெய் கக்கியது. சாணியோடு அந்தக் கருமத்தையும் சேர்த்து வழித்தவள் யார்? சசிரேகாதான்.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். அவன் சார்ஜ் போட்ட இடத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் போட்டால் பில் ஏறுமாம். கிணற்றங்கரை மோட்டார் கொட்டகையில், பயிருக்கென்று அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற கரண்டில் போட்டான்.

“யோவ், பயிருக்குக் குட்த்த கரண்ட்ட திருடிக்கினு ஊரு சுத்துறியே, வெக்கமா இல்ல உனுக்கு?”

“ஓசிதானமே! யாருக்கு இன்னா நஷ்டம்?”

அதோடு வாயை மூடினானா? டீக்கடை வாசலில் காரை நிறுத்தி, “பெட்ரோல் பங்க் பக்கம் இனிமே தலவெச்சுப் படுக்கமாட்டேன். எல்லாம் பம்புசெட்டு கரண்ட்டு!” என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். சே, இப்படியும் ஒரு ஜென்மமா!

நெல் பால் பிடிக்கிற சமயம் பார்த்து கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். சார்ஜ் தீர்ந்த காரை அவன் அப்போதுதான் செருகியிருந்தான். கையும் களவுமாகப் பிடித்து, கிணற்று இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள்.

ஏரியிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்துக் கிணற்றுக்காரர் வெங்கடேசனிடம் போய்க் கேட்டாள்.

“எங்க லைனையும் புடுங்கிடுவானுங்கம்மா” என்று அவர் கையை விரித்தார்.

நான்காம் நாள் வயல் வெடித்தது. கதிர் வெளுத்தது. முத்துவேல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கிடந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாட்டுக்கொட்டகையைக் கூட்டும்போதுதான் அந்த இன்ஜின் கண்ணில் பட்டது. கோபாலுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இந்த இஞ்சினு இன்னும் ஓடுமா? கெணத்தாண்ட ஒரு பழைய பம்பு கீது. பெல்ட்டு மாட்டுனா தண்ணி எறைக்குமா?”

“எறைக்கும்மா. ஆனா பெட்ரோல குடிச்சுத் தீத்துடும்.”

“குடிக்கட்டும். வந்து மாட்டுங்க.”

மறுநாள் மதியம் கிணற்றங்கரையில் இன்ஜின் உறுமியது. புகை மூக்கை அரித்தது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. கட்டிலை விட்டு எழுந்துவந்த முத்துவேல் பல்லை இளித்தான்.

“பாத்தியாமே, நம்ம இஞ்சினு!”

அவள் காறித் துப்பினாள். காலிக் கேனை அவன் கையில் திணித்தாள்.

“போ, பெட்ரோல் வாங்கியா. பங்க் பக்கம் தலவெச்சுப் படுக்கமாட்டேன்னியே? அறுப்பு வரைக்கும் டெய்லி அங்கதான் உனுக்கு நாஷ்டா!”

சார்ஜ் தீர்ந்த கார் மோட்டார் கொட்டகையோரம் அப்படியே செத்துக் கிடந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு, அதே டீக்கடை வழியாக, அவன் நடந்துதான் போனான்.

சசிரேகா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைமடையில் கதிரெல்லாம் பதராகிவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற மண்வெட்டியோடு வயலில் இறங்கினாள்.