ஆறு மாதம் ஆபத்தான ஆள்

லண்டன் வால்தம்ஸ்டோவில் தியாகராஜாவுக்குப் பயந்த ஓர் உயிர் கிடையாது. பெட்ரோல் ஷெட் மனேஜர் நத்தார் பண்டிகை நாள் ஷிப்டை அவரைக் கேட்காமலே தலையில் கட்டுவான். கோயில் கூட்டத்தில் வாய் திறந்தால், "அண்ணை, பிறகு பாப்பம்" என்று மைக்கை வாங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட மனுஷனிடம் லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி ஒன்று இருந்தது. மாதமொருமுறை எசெக்ஸ் பக்கத்துக் கிளப் ஒன்றில் ஆகாயத்தில் வீசும் மண்தட்டுகளைச் சுடுவார். பத்துக்கு இரண்டு விழும்.

சனியன் போனில் வந்தது. சனிக்கிழமைதோறும் யாழ்ப்பாணத்து அக்காவுடன் கதைப்பார். போரில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அக்காவுக்குக் காது மந்தம். தொண்டை கிழியக் கத்தினால்தான் 'சுகமோ' என்பதே அங்கே போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவள் பாஷை புரியாமல் மூன்று சனி பொறுத்தாள். நாலாவது சனி, பெண்சாதியைக் கொல்லப்போகிறான் என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டாள்.

பொலிஸ் எது கேட்டாலும் ஓம் சொல்லித் தப்புவது ஊரில் சண்டைக் காலத்திலேயே ஊறிப்போன பழக்கம். கத்தினீரோ? ஓம். கோபமோ? ஓம். துப்பாக்கி இருக்கோ? ஓம், மேலே. பிறகென்ன, துப்பாக்கி போனது. பொதுமக்களுக்கு ஆபத்தானவர், லைசென்ஸ் ரத்து என்று கடிதமும் வந்தது. விருப்பமென்றால் கோர்ட்டில் போய்க் கேட்கலாம் என்றும் இருந்தது; அன்றைக்கே கேட்டு எழுதிப்போட்டார்.

செய்தி வால்தம்ஸ்டோ தாண்டி ஈஸ்ட் ஹாம் முழுக்கப் பரவியது. அட, அதற்குப் பிறகு அவருக்கு வந்த மரியாதை! மனேஜர், எந்த நாள் வசதி என்று கேட்டான். கோயிலில் மைக்கை அவரிடமே கொண்டுவந்து நீட்டினார்கள். இத்தனை வருடமாக எடுத்தெறிந்து கதைத்த மைத்துனன் சந்திரகுமார் "அத்தான்" என்று எழும்பி நின்றான். தியாகராஜா மீசை வளர்க்கத் தொடங்கினார். ஆனால் திரும்பவும் பொலிஸ் வருமென்ற பயத்தில் அக்காவுடன் மட்டும் குசுகுசுத்தார்.

ஆறாவது மாதம் கோர்ட் திகதி வந்தது.

"துவக்கு வேண்டாம், விடுவம். இப்பதான் நாலு சனம் மதிக்குது" என்றார்.

மனைவி கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கான்ர மகள் போன் எடுத்தவள். தம்பிக்குக் குரல் அடைச்சுப்போச்சு, சாகப்போறான் எண்டு அக்கா சாப்பிடாமல் கிடக்கிறாவாம். கோர்ட்டில பேரைத் துடைச்சால்தானே பயமில்லாமக் கத்திக் கதைக்கலாம். உங்களுக்கு மீசை பெரிசோ, அக்கா பெரிசோ?"

அவர் அன்றைக்கே மீசையை எடுத்தார்.

கோர்ட்டில், கணவருக்குப் பயப்படுகிறீரா என்று நீதிபதி கேட்டார். கலாவதி முதலில் சிரித்து முடித்தாள். "இவருக்கோ? கரப்பானைக் கண்டாலே கதிரையில ஏறி நிண்டு என்னைத்தான் கூப்பிடுவார்." மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னார். பின்வரிசையில் சந்திரகுமார் வாய்விட்டே சிரித்தான். துப்பாக்கி திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தில் மைக் திரும்பிப் போனது.

அந்தச் சனிக்கிழமை போனை எடுத்தார்.

"அக்கா, என்னால ஒருத்தருக்கும் ஆபத்தில்லையாம், கோர்ட்டில சொல்லிப்போட்டினம்!"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. "கொஞ்சம் பலமாச் சொல்லு ராசா."

தியாகராஜா எழும்பிப் போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கத் திரும்பச் சொன்னார்.